புதுவயலில் வைக்கோல் வாசம்

இந்த ஊரில் காற்றுக்கு
எப்போதும் ஒரு வாசம் உண்டு.
விடியலில் ஊறல் தொட்டி,
மத்தியானம் அவித்த நெல்,
அந்தி சாய்ந்தால் பாய்லரில் எரியும் உமி.
அதனால் அன்றைக்கு வைக்கோல் மணத்தபோது
யாரும் தலை திருப்பவில்லை,
நான் உட்பட.

பாலிஷர் மூடியில் மயிரிழை விரிசல்.
எவர்சில்வர். ஆர்கான் வைத்துத்தான் ஒட்ட வேண்டும்.
பேரிங் பக்கமெல்லாம் கிரீஸும் தவிடும்
களிபோல அப்பிக் கிடந்தது.
"பிசுக்கு இருந்தா தையல் நிக்காதுடா" என்றார் சேவுகன் அண்ணன்.
மண்ணெண்ணெய் கேன் காலி.
பக்கத்து மெக்கானிக் கடையில்
பிரேக் கிளீனர் ஒரு டின் வாங்கி வந்தேன்.
சிவப்பு மூடி.
பின்பக்கம் நொய்யை விடச் சின்ன எழுத்து.

மில் சுவரில் முதலாளி எழுதிப் போட்டிருக்கிறார்:
சுத்தம் சோறு போடும்.
கொஞ்சம் கூடுதலாகவே அடித்தேன்.
விரல் நுனி சில்லிட்டது.
தித்திப்பாக ஏதோ மூக்கில் ஏறியது.
துணியால் துடைத்தேன், என் முகம் தெரிந்தது
மூடியில். காய்ந்துவிட்டது என்று சொன்னேன்.

மேல்பக்கம் காய்ந்திருந்தது.
மடிப்புக்குள்
ஒரு பாலாடை அளவு மிச்சம் இருந்திருக்கிறது.

அண்ணன் முகமூடியை இறக்கினார்.
நீலமாய் ஒரு புள்ளி.
அப்புறம் அந்த வாசம்.
"யாருடா இந்நேரத்துல வைக்கோல் இறக்குறது?"
எட்டிப் பார்த்தேன். ரோட்டில்
டவுன் பஸ் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது.
"கண்டனூர்ப் பக்கம் வண்டி வருது போல" என்றேன்.
பார்க்காததைச் சொன்னேன்.
இரண்டு முறை இருமினார். டீ குடித்தார்.
தையல் மீன்செதில் மாதிரி வந்திருந்தது,
தடவிப் பார்த்துச் சிரித்தார்.
ஆறு மணிக்குத் தன் வண்டியைத் தானே மிதித்துக் கிளப்பிப் போனார்.

பதினொன்றரைக்குப் போன் வந்தது.
காரைக்குடி ஆஸ்பத்திரியில்
படுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்,
கரையில் போட்ட கெண்டையாக வாய்.
டாக்டர் பர்வீன் முதலில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.
அப்புறம் என்ன வேலை என்று கேட்டார்.
அப்புறம்
எதை வைத்துத் துடைத்தீர்கள் என்று கேட்டார்.

இரவு இரண்டு மணிக்கு மில் பூட்டைத் திறந்து
அந்த டின்னை எடுத்து வந்தேன்.
செல்போன் வெளிச்சத்தில்
நொய் எழுத்தை அவர் வாசித்தார், உதடு அசைய.
குளோரின் கலந்த கரைப்பானாம்.
ஆவி ஆர்க் வெளிச்சத்தில் பட்டால் பாஸ்ஜீனாம்.
நூறு வருடத்துக்கு முன்னால்
பதுங்குகுழியில் கிடந்தவர்கள்மேல்
வேண்டுமென்றே விட்ட வாயுவாம்.
உடனே ஒன்றும் தெரியாதாம்,
ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு
ராத்திரிதான் நுரையீரலில் நீர் கோக்குமாம்.

"அதுக்கு மணம் உண்டா டாக்டர்?"
"புதுசா அறுத்த புல். ஈர வைக்கோல்.
புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கும்."

பதினொரு நாள்.
இப்போது எடைமேடையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறார் அண்ணன்.
நாற்பத்து
இரண்டு மூட்டை என்பார்,
நடுவில் ஒரு மூச்சு வாங்கி.
என்னைத் திட்டியதில்லை.
திட்டியிருக்கலாம்.

டார்ச் இப்போது என் கையில்.
சோப்புத் தண்ணீர், கம்பி பிரஷ்,
வெயிலில் ஒரு மணி நேரம்.
பார்ட்டி வாசலில் நின்று கத்துகிறது, கத்தட்டும்.
மெக்கானிக் கடையில் சிவப்பு மூடி இன்னும் வரிசையாக இருக்கிறது.
பிரேக்குக்கு அது நல்லதுதான்,
அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

நேற்று அந்தியில் அதே வாசம்.
ஆர்க்கை அணைத்து, முகமூடியோடே
வாசலுக்கு ஓடினேன்.
லாரி. கரண்டு கம்பியை உரசும் உயரத்துக்கு
வைக்கோல், நிஜ வைக்கோல்.
"சாக்கோட்டைக்கு எப்படிப் போகணும்?" என்றார் டிரைவர்.
பதில் வரவில்லை எனக்கு.
கையுறையைக் கழற்றிவிட்டு
ஒரு பிடி உருவி
மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றேன்.
இரண்டாம் முறை ஹாரன் அடித்தார்.